முடிவை முதலில் எழுத வேண்டும்

குட்டி வீடியோவுக்கு முடிவைத்தான் முதலில் எழுத வேண்டும். பல பேர் இதில்தான் சொதப்புகிறார்கள். நீ உட்காரும்மா. அம்மாவின் பெட்டியை அப்புறம் அடுக்கலாம், அவள் தூங்குகிறாள்.

ஆபீஸ் ஆண்டுவிழாவில் என் நாடகத்தைப் பார்த்துச் சிரித்த மேனேஜருக்குத் தாடை கழன்று ஆம்புலன்ஸ் வந்தது. வரவே இல்லை என்பாள் உன் அம்மா. அவளுக்கு இப்போது எது ஞாபகம் இருக்கிறது?

ரிட்டயர் ஆனதும் அவளை வைத்தே வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். சமையலறைக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். "ஃப்ரிட்ஜைக் கேளு, அதுக்குத் தெரியும்" என்பேன். "அதுவும் உங்களை மாதிரிதான், சும்மா உறுமுது" என்பாள். உலகத்தில் பாதிப் பேர் பார்த்தார்கள். மீதிப் பேரிடம் போன் இல்லை.

பிறகு உன் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. அவளிடம் சொன்னேன். அழுது ஓய்ந்தவள் சாயங்காலம், "பையன் இன்னும் வரலையே, சாப்பிட்டானா?" என்றாள். மறுபடி சொன்னேன். அப்போது ஸ்டாண்டில் இருந்த போன் ஓடிக்கொண்டிருந்தது. அது தற்செயல். அதையாவது நம்பு.

அடுத்ததெல்லாம் தற்செயல் இல்லை. திட்டம் போட்டேன். முடிவு எப்போதும் ஒன்றுதான், அவள் முகம். நடுவில் அவன் சட்டையை மடித்துக்கொண்டிருப்பாள். தொடக்கம்தான் சரியாக அமையவில்லை. பார்க்கிறவன் விரலால் தள்ளிவிடுவதற்குள் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டுமே. ஒரு தடவை வெளிச்சம் போதவில்லை. மறுநாள் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துத் திரும்பவும் சொன்னேன். முந்தின நாளைவிட நன்றாக அழுதாள்.

"பாதிக்கு மேல பார்க்க முடியலப்பா" என்று நீ போனில் சொன்னாய். பாதியில் விட்டுவிட்டால் எப்படி?

அவளுக்கு வலி தங்காது. பொழுது சாய்வதற்குள் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, டீ கேட்பாள். எனக்குத்தான் அவன் ஒவ்வொரு தடவையும் செத்தான். அப்போதும் என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. எனக்கும் சேர்த்து அவள் அழட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் யாராவது ஒருவர் அவனுக்காக அழ வேண்டுமா இல்லையா, சொல்லு.

நேற்று போன் ஸ்டாண்டை விரித்தேன். நான் வாயே திறக்கவில்லை. அதன் கால்கள் விரிகிற சத்தம் மட்டும்தான். மடித்துக்கொண்டிருந்த சட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு யாரு?"

இத்தனை நாளாக நான் தேடிய தொடக்கம் அதுதான். நீ அவளைக் கூட்டிக்கொண்டு போ, தடுக்கமாட்டேன். எழுந்ததும் அதை மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லும்மா. நேற்று நான் போனை ஆன் செய்ய மறந்துவிட்டேன்.