கீழ்வீட்டுக்கு வந்த கடிதங்கள்

தாங்கள் கல்லூரியிலிருந்து அனுப்பிய கடிதம் நல்ல தமிழில் இருந்தது, அம்மா. அறுபதாம் அகவையில் எழுத்தறிந்த எனக்கே ஒரு சொல்லும் இடறவில்லை.

லாரிகளில் மூட்டை ஏற்றிய காலமெல்லாம் நான் கைநாட்டு வைத்தவன். மனைவி மறைந்தபின், இந்த ராசிபுரத்து வீட்டில் பேச்சுத்துணை இன்றி, முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். பாறையைக் குடைந்து கட்டிய கீழ்வீட்டைச் சடையனுக்கும் அவர் மனைவி பொன்னாயிக்கும் வாடகைக்கு விட்டேன். இருவரும் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைக் கூலிகள், எழுத்தறியாதவர்கள். மாலையில் அவர்களது பாத்திர ஓசை மேலே கேட்கும்போதுதான் நானும் உலை வைப்பேன்.

கடிதம் எது வந்தாலும் சடையன் படியேறி வருவார். “ஏனுங்க வாத்தியாரே, இதையொருக்கா படிச்சுச் சொல்லுங்க.” நான் எழுத்துக் கூட்டுகையில் பொன்னாயி சிரிப்பார்: “மெதுவாப் படிக்கட்டும் உடுங்க, எழுத்து எங்க ஓடிப்போவுது?” என்னை வாத்தியார் என்று அழைத்தவர்கள் இவ்வுலகில் அவ்விருவரே.

சென்ற ஆண்டு தாங்கள் அவ்வீட்டில் காற்றைச் சோதிக்க மூன்று மாதம் ஒரு சிறு குப்பியைத் தொங்கவிட்டீர்கள். முடிவு அவர்கள் பெயருக்குக் கடிதமாக வந்தது. ரேடான் என்னும் நிறமும் மணமும் அற்ற வாயு, தரை வெடிப்புகளின் வழியே ஏறித் தேங்குகிறது. பல்லாண்டு சுவாசித்தால் நுரையீரலில் புற்று உண்டாகலாம். வெடிப்பை அடைத்துக் குழாயும் விசிறியும் பொருத்தும் செலவு தங்களுடையது. அதுவரை குடியிருப்போர் வேறு வீட்டில் தங்குதல் நன்று. வேண்டியது என் கையொப்பம் மட்டுமே.

வேறு வீட்டுக்குச் சென்றவர் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. ஆகவே, “வீடு நல்லாருக்குதுன்னு எழுதியிருக்காங்க” என்று படித்தேன்.

இரண்டாம் கடிதம், சன்னலையாவது திறந்துவைக்கச் சொன்னது. திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதையும் வாழ்த்துக் கடிதமாகவே படித்தேன்.

பின்னர் சடையனுக்கு இருமல் நிற்கவில்லை. சேலத்து மருத்துவமனை ஒன்றில் படம் எடுத்தார்கள். அங்கிருந்தும் கடிதம் வந்தது: வலது நுரையீரலில் கட்டி தென்படுகிறது, தாமதமின்றி வந்து சேர்க. அது இவ்வாயுவால் விளைந்தது என எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் மருத்துவர் வீட்டைப் பற்றி விசாரிப்பார் அல்லவா?

“ஒன்னுமில்லீங்க சாமி, வெறும் சளிதானாம்” என்று படித்தேன். இன்றோடு நாற்பது நாளாயிற்று.

அன்று படியிறங்கும்போது சடையன் என் கையைப் பற்றிக்கொண்டார். “நீங்க இல்லீன்னா எங்களுக்கு ஆருங்க இருக்கறாங்க?”

தாங்களே சொல்லுங்கள் அம்மா. அப்படிப்பட்டவர்களை நான் எவ்வாறு கைவிடுவேன்?