கேட்டுக்கு வெளியே செல்லாத சீட்டு

வாட்ச்மேன்களுக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் சம்பளத்தில் பாதியை நம் வளாக மளிகைக் கடைச் சீட்டாகக் கொடுக்க நம் குடியிருப்புக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அந்தக் கடையில் எனக்குக் கடன் மறுத்துவிட்டார்கள், அந்தக் கோபத்தில்தான் நான் இதை எதிர்க்கிறேன் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் எந்தக் கடையிலும் கடன் கேட்டதில்லை. என் கணவர் இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. நான் எதிர்ப்பது பயத்தினால். என்ன பயம் என்கிறீர்களா? சின்னதாக ஒரு கதை... கேளுங்கள்.

முன்பு நாங்கள் ஒரு மில் காலனியில் இருந்தோம். அங்கே ஒரே மளிகைக் கடை. சில்லறைக்குப் பதிலாக, முத்திரை குத்திய ரோஸ் நிறச் சீட்டு கொடுப்பார்கள். பால்காரர் வாங்கினார்... பூக்காரி வாங்கினாள்... கோயில் உண்டியலில்கூட விழுந்தது. பிறகு வேலைக்காரர்களின் சம்பளமே சீட்டாகிவிட்டது. காசுக்கும் சீட்டுக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சலேத் என்று ஒரு பெண், வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். ஒரு மத்தியானம் அவள் மகளுக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காலனி கேட்டுக்கு ஓடினாள். ஆட்டோக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, லாட்டரியா?"

"காலனிக் கடைச் சீட்டுண்ணே. எல்லாரும் வாங்குவாங்க."

"பெட்ரோல் பங்க்ல வாங்குவானா?"

கடைக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. இதுக்குக் காசு குடுங்க."

"சீட்டுக்குச் சாமான்தான் தாயி. உனக்குக் காசு குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

கவனித்தீர்களா? எல்லாரும் வந்து நின்றால் கொடுக்க அவரிடம் காசு இல்லை... அது அவருக்கு மட்டும் தெரியும்.

சலேத் என்ன செய்தாள்? இருந்த சீட்டுக்கெல்லாம் கடலை எண்ணெய் வாங்கினாள். டின்னைக் கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தாள்.

"சரி, ஏறு. போறதுக்கு மட்டும்தான் இது" என்றார் ஆட்டோக்காரர்.

பிள்ளை பிழைத்தாள். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினாராம். அந்தப் பாதி வாக்கியம் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை.

சீட்டு நமக்கு வசதிதான். நம் பையில் எப்போதும் காசு இருக்கும். நம் வீட்டில் வேலை செய்கிறவள் பையில்? அவள் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் அவள் எந்தக் கடையில் போய் எண்ணெய் வாங்குவாள்? எல்லாருக்கும் அந்த எண்ணெய் யோசனை வருமா? எல்லா ஆட்டோக்காரர்களும் டின்னை வாங்குவார்களா?

செயலாளர் அவர்களே, சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவருக்கு அந்த நிமிடமே காசு கொடுப்பது யார்? பெயரைக் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.