ஏற்றுவதற்கு முன் இறங்கியவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இணைய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் நம் அக்காவின் கணவர் அவர்களே, என் அலுவலகத் தோழர்களே, கடையைத் திறந்தே போட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் கடைக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஆம், திறந்தே போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் உங்கள் கடை இணையத்தில் திறந்திருக்கிறது. யாரோ உள்ளே வருகிறார், யாரோ வாங்குகிறார். அந்தக் கதவைப் பதினான்கு ஆண்டுகளாகத் திறந்து வைத்திருந்தவர் இன்று நம்மிடையே இல்லை.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இன்று எனக்குள் பாதி துக்கம். மீதி பயம். அந்தப் பயம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை உங்கள் முப்பத்திரண்டு கடைகளையும் புதிய வலைத்தளத்துக்கு மாற்றுவதாக நாள் குறித்திருக்கிறோம். இப்போது கடைகள் ஓடும் பழைய மென்பொருளை அதை உருவாக்கியவர்களே இந்த மாதக் கடைசியோடு கைவிடுகிறார்கள். இன்னும் பதினோரு நாள்தான். மாறாமல் இருக்க முடியாது. ஆனால் அக்கா பார்த்துச் சரி என்று சொல்லாமல் எங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு புதிய தளம்கூட வெளியே போனதில்லை. இதுதான் முதல் முறை.

அவருடைய பதவி, தலைமை வலைத்தள வடிவமைப்பாளர். அலுவலகத்தில் அவர் பெயர் படிக்கட்டு அக்கா. என்னைவிட நான்கு வயது இளையவர், நான் நிறுவனத்தின் முதலாளி, ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார். அந்த சாரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

படிக்கட்டு என்ற பட்டம் எப்படி வந்தது? எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடி. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் படி திரும்புகிற இடத்தில் இரண்டு பக்கமும் தடித்த சுவர். அங்கே போனால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அக்கா அங்கே பழைய நாளிதழை விரித்து உட்காருவார். கையில் ஒரு பழைய போன். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது, பின்மூடி கழன்று ரப்பர் பேண்ட் போட்டது. புதிதாகச் செய்த பக்கத்தை அதில் தொட்டுவிட்டு வாய்விட்டு எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுக்குள் பக்கம் திறந்து, வாங்கும் பட்டன் கைக்கு வர வேண்டும். முதல் மாடிப் பல் மருத்துவரிடம் வருகிறவர்கள், பாவம், வலி தாங்காமல் எண்ணுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.

ஏன் ஏழு என்று ஒருமுறை கேட்டேன். "எட்டாவது எண்ணும்போது மனுஷன் கட்டைவிரல் வேற கடைக்குப் போயிடும் சார்" என்றார்.

ஒரு வலைத்தளத்தை மக்கள் பார்வைக்கு விடுவதை எங்கள் தொழிலில் ஏற்றுவது என்போம். ஏத்தியாச்சா, எப்ப ஏத்தறோம், இதுதான் நாள் முழுக்கப் பேச்சு. அக்கா எல்லோருக்கும் சொன்னது ஒரே வாக்கியம்: "ஏத்துறதுக்கு முன்னாடி இறங்கிப் பாருங்க." மாடியில் புதுப் போனும் வேகமான வைஃபையும் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாப் பக்கமும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் மாடியில் இல்லை. அவர் படியில் இருக்கிறார்.

இந்தத் தொழிலில் ஆறு மாதத்துக்கு ஒரு காற்று அடிக்கும். ஒரு பருவத்தில் முகப்பில் படம் ஓட வேண்டும் என்பார்கள். அடுத்த பருவத்தில், உள்ளே வந்த உடனே ஒரு பெட்டி குதித்து மின்னஞ்சல் முகவரி கேட்க வேண்டும் என்பார்கள். இப்போது வாடிக்கையாளருடன் பேசும் உதவியாளர் இல்லாத கடை கடையே இல்லை என்கிறார்கள். நான் எல்லாக் காற்றிலும் தூற்றிக்கொள்கிற ஆள். நீங்களும் என்னை விட்டீர்களா? பக்கத்துக் கடையில் இருக்கிறதே, நமக்கு எப்போது என்று போன் மேல் போன் போட்டீர்கள். அக்கா எந்தப் புதுமைக்கும் குறுக்கே நின்றதில்லை. "தூத்துங்க சார். பதரோட நெல்லும் பறக்குதான்னு மட்டும் நான் பாத்துக்கறேன்" என்பார்.

ஒருமுறை நெல் பறந்தது. மூன்றாவது வரிசையில் இருக்கும் செருப்புக்கடை ஐயா அனுமதித்தால் சொல்கிறேன். வீங்கிய பாதத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் அளவாகச் செருப்பு செய்கிறவர் அவர். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த போன்தான் அவர்கள் கையில் இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அக்கா விடுப்பில் இருந்த வாரம், ஐயாவின் கடை முகப்பில் நான் ஒரு வீடியோவை ஏற்றினேன். கடற்கரையில் ஒரு கால் நடந்து போகும். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. பத்தே நாளில் ஆர்டர் வருவது ஏறக்குறைய நின்றுபோனது.

ஐயா எங்களிடம் சண்டைக்கு வரவில்லை. தன் செருப்பில்தான் குறை என்று நினைத்துவிட்டார். இத்தனை வருட அளவுக் காகிதங்களைக் கிழித்துப்போட்டுப் புது அடிப்பாகம் வெட்ட ஆரம்பித்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட அன்றே அக்கா போனை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். இருபத்தாறு எண்ணினார். பக்கம் திறந்த பிறகு ஏழாம் அளவைத் தொட்டார். மெதுவாக வந்து சேர்ந்த வீடியோ பக்கத்தைக் கீழே தள்ளியது. விரல் ஒன்பதில் விழுந்தது.

"பட்டன் ஓடுது சார். கால் வீங்கினவங்க அதத் துரத்திக்கிட்டு ஓடுவாங்களா?"

அன்று மாலைக்குள் கடற்கரையும் போனது, காலும் போனது. ஐயா அலுவலகத்துக்கு வந்து, "அப்ப என் செருப்பு சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "உங்க செருப்பு சரிதான் ஐயா. எங்க வாசப்படிதான் சரியில்ல."

இப்படி ஒருவர் இருக்கும்போது நமக்கு என்ன கவலை? இல்லாதபோது? அன்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் இதே அரங்கத்தில் புதிய தளத்தை உங்களுக்குப் பெரிய திரையில் காட்டினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அக்கா அப்போதே மருத்துவமனையில் இருந்தார். போன வாரம் செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நேரத்தில் அவரைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்கூட அளந்து குடித்துக்கொண்டிருந்தவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இறங்கிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் அக்கா."

"எத்தனை?"

"அஞ்சு" என்றேன்.

நான் இறங்கவில்லை. ஒரு படிகூட இறங்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. இறங்கிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்ற பயம்தான். நிம்மதியாக இருக்கட்டுமே என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் சிரித்தார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவர் போய்விட்டார்.

நேற்று அவருடைய கணவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். பிரித்தால் அந்தப் பழைய போன், அதே ரப்பர் பேண்ட்.

"இது உங்க ஆபீஸ் சாமான் சார். ஒரு மாசமா அவகிட்டதான் இருந்துச்சு. நீங்க வந்த அன்னிக்குக்கூட தலையணைக்குக் கீழதான் இருந்துச்சு."

போன் அவர் தலைக்கடியில் இருக்கும்போது நான் எதை வைத்து ஐந்து எண்ணியிருக்க முடியும்? அக்காவுக்கு அது தெரியாதா?

"ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க போனதும் சொன்னா. 'சார் இன்னும் இறங்கல. இறங்குவாரு, கொஞ்சம் லேட்டா இறங்குவாரு. அப்பக் கையில போன் வேணும், மறக்காம குடுத்துடுங்க'ன்னு."

இன்று காலை நான் இறங்கினேன். நாளிதழை விரித்து உட்கார்ந்தேன். புதிய தளத்தில் ஐயாவின் செருப்புக் கடையைத் தொட்டேன். ஏழில் வெறும் வெள்ளைத் திரை. எட்டில் என் கட்டைவிரலே நகரப் பார்த்தது. இருபதில் பாதிப் படம் வந்தது. முப்பதில் பேசும் உதவியாளர் குதித்து வந்து, கடையை முழுசாக மறைத்துக்கொண்டு, நான் உங்களுக்கு எப்படி உதவட்டும் என்று கேட்டது. அதை மூடிவிட்டு அளவு பட்டனைத் தொடும்போது நாற்பத்தொன்று. மற்ற முப்பத்தொரு கடைகளையும் நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆகவே இந்தச் சபையில், அவர் கணவரும் மகளும் கேட்கச் சொல்கிறேன். திங்கட்கிழமை எந்தக் கடையும் ஏறாது. மீதி நாட்களுக்குள் எல்லாவற்றையும் ஏழுக்குக் கொண்டுவர முடியுமா என்றால், தெரியாது. அக்கா இருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நாளை காலை முதல் என் மேசை மூன்றாம் மாடியில் இல்லை, அந்தப் படியில்தான். என் ஆட்கள் முறைவைத்து என்னோடு இறங்குவார்கள். உங்கள் வீட்டில் கழித்துப்போட்ட பழைய போன் இருந்தால் கொண்டுவாருங்கள். எந்தக் கடை ஏழைத் தொடுகிறதோ அந்தக் கடை ஏறும். உங்களுக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். இனி யாரும் எங்கள் வாசற்படிக்காகத் தன் சரக்கைச் சந்தேகிக்கக் கூடாது.

நிறைவாக மௌன அஞ்சலி. வழக்கமாக ஒரு நிமிடம் என்பார்கள். இன்று அது வேண்டாம். ஒரு வயதானவர் வலிக்கிற காலோடு உங்கள் கடை வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை நாம் ஒருமுறை நின்று தெரிந்துகொள்வோம். நாற்பத்தொன்று வரை நான் எண்ணுகிறேன். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

ஒன்று.