கடிச்சுப் பிடிங்க அத்தை

— அத்தை, அசையாதீங்க! என்னவோ ஒண்ணு உங்க வாயிலேர்ந்து... ஐயோ, அத்தை, பல்லு!

— ம்ம்ம்! ம்ம்!

— பல்லா இது? சத்தியமா பல்லுதான். ஒண்ணு ரெண்டு இல்ல, மேல் வரிசை மொத்தமும்! நான் இந்த ஜெலாட்டோ ஐஸ்கிரீமைத்தான் இழுத்தேன் அத்தை, சத்தியமா ஜெலாட்டோவை மட்டும்தான் இழுத்தேன்!

— ஹிரும்புங்க மாப்ள!

— என்ன அத்தை?

— ஹிரும்புங்க! அந்தப் பக்கம் ஹிரும்புங்க!

— ஓ, திரும்பணுமா! திரும்பிட்டேன். சுவத்தைத்தான் பாக்குறேன். ஆனா கரண்டி என் கையில இருக்கு. கரண்டியிலேர்ந்து கயிறு மாதிரி ஜெலாட்டோ தொங்குது. அதோட முனையில நீங்க... அதாவது, உங்க...

— போன்! போன்!

— போனா? யாருக்குப் பண்ணணும்? ஆம்புலன்ஸா?

— வீடியோ! நிறுத்துங்க!

— ஐயையோ, ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்திட்டேன். அழிச்சிட்டேன். அழிச்சது போய் விழுற இடத்துலேர்ந்தும் அழிச்சிட்டேன்.

— சார், மேடம், எப்படி இருக்கு நம்ம கடை ஸ்பெஷல்? ஒரு கை நீளம் இழுபட்டுச்சா சார்?

— இழுபட்டுச்சும்மா. எதிர்பாத்ததை விட நிறையவே வந்துச்சு.

— அதுல என்ன சார் வெள்ளையா? நாங்க பாதாம் போடுறதில்லையே.

— பாதாம்தாம்மா. நாங்களே கொண்டுவந்தது.

— வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்ல சார்.

— இனிமே சத்தியமா கொண்டுவர மாட்டோம். ஒரு கப்புல தண்ணி வேணும்மா. டிஷ்யூ கொஞ்சம் தாராளமா. அப்புறம் அந்தப் பெரிய மெனு கார்டு.

— இந்தாங்க சார் மெனு. தண்ணி கொண்டுவரேன்.

— அத்தை, இதை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கோங்க, படிக்கிற மாதிரி. தலைகீழா இருக்கு, பரவால்ல.

— எல்லாரும் பாத்துட்டாங்களா?

— யாரு பாக்குறா? அவங்கவங்க ஜெலாட்டோவை அவங்கவங்க இழுத்துக்கிட்டு, போனைப் பாத்து இளிச்சுக்கிட்டு இருக்காங்க. உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் மூக்குக்கண்ணாடி மேலயே ஜெலாட்டோவை அப்பிக்கிட்டு வழி தெரியாம நிக்கிறாரு.

— 'கடிச்சுப் பிடிங்க அத்தை'ன்னு சொன்னது யாரு?

— நான்தான். இந்த வாயாலதான் சொன்னேன். நியாயமாப் பாத்தா பல்லு போயிருக்க வேண்டியது இந்த வாயிலேர்ந்துதான்.

— வேணாம் வேணாம்னேன்.

— ரப்பர் மாதிரி இழுபடுதாம், கத்தரிக்கோலால வெட்டித்தான் தர்றாங்களாம், தெருமுனை வரைக்கும் வரிசை நிக்குதாம்னு பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. மொதல்ல உங்களைக் குளிர வச்சுட்டு, அப்புறமா கேக்க வேண்டியதைக் கேக்கலாம்னு நெனச்சேன்.

— எனக்கு ஹெரியும். மாப்பிள்ளை வந்து மாமியாரை ஹனியா ஐஸ்கிரீம் சாப்பிடக் கூப்பிட்டா, எதுக்குன்னு ஹெரியாதா?

— வேற யாரைப் போய்க் கேக்குறது? உங்க பொண்ணு என்கிட்ட கோவிச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு. உங்க அண்ணனைக் கேட்டா 'பாக்கலாம்'ங்கறாரு. அவ சித்தியைக் கேட்டா 'எல்லாம் நல்லபடியா முடியும்'ங்கறாங்க, என்னமோ ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிற மாதிரி. உங்களைக் கேட்டா 'இருக்கட்டும் மாப்ள'. இந்த ஜெலாட்டோவே தேவலை அத்தை, இழுத்தா ஒரு கட்டத்துல அறுந்தாவது போகுது.

— முடியக் குட்டையா வெட்டிக்கிட்டு ஆசையா வந்து நின்ன பொண்டாட்டியப் பாத்து, 'ஹம்பி, யாரைப் பாக்கணும்?'னு கேட்டா?

— தமாஷ் அத்தை.

— வாசல்லயே நிக்க வச்சுக் கேட்டிருக்கீங்க!

— 'அக்கா வெளிய போயிருக்காங்க'ன்னும் சொன்னேன். அதையும் சொல்லிட்டாளா?

— அதைச் சொல்லும்போதுதான் அழுதா.

— சார், தண்ணி, டிஷ்யூ. மேடம் ஏன் சார் முகத்தை மூடிக்கிட்டாங்க? அழுறாங்களா?

— இல்லம்மா. ருசி தாங்கல.

— எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க!

— அவ ரொம்ப அழகா இருந்தா அத்தை. கதவைத் திறந்ததும் எனக்கு மூச்சே வரல. அதைச் சொல்ல வாயத் திறந்தேன், வந்து விழுந்தது அந்தத் தம்பிதான். மன்னிப்புக் கேக்கலாம்னா, 'பாப்பா கோவமா இருக்கா, போன் பண்ணாதீங்க'ன்னீங்க. பண்ணல. மெசேஜ் கூட அனுப்பல. ராத்திரியெல்லாம் டைப் பண்ணி டைப் பண்ணி அழிக்கிறேன்.

— பல்லக் குடுங்க மாப்ள.

— இருங்க, இன்னும் பிசுபிசுங்குது. இடுக்குல எல்லாம் பிஸ்தா பச்சை.

— ஐயோ, நீங்க எதுக்கு அதைப் போய் ஹொட்டுக்கிட்டு! மாப்பிள்ளை கையில போயி...

— நான் பண்ணுன கூத்து, நான்தானே கழுவணும். நீங்க மெனுவ இறக்காதீங்க.

— நீங்க சிரிக்கவே இல்லையே.

— எதுக்கு?

— இதை வச்சு எவ்ளோ ஹமாஷ் பண்ணியிருக்கலாம் நீங்க. எப்ப ஆரம்பிப்பீங்கன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.

— தோணாம இல்ல அத்தை, வண்டி வண்டியாத் தோணிச்சு. நீங்க தலைகீழ் மெனுவுக்குப் பின்னாடி அப்படியே ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அதைப் பாத்ததும் எல்லாத்தையும் முழுங்கிட்டேன். இந்தாங்க, சுத்தமாயிடுச்சு.

— அந்தப் பக்கம் ஹிரும்புங்க.

— திரும்பிட்டேன்.

— ம்... ஆச்சு. திரும்பிக்கோங்க மாப்ள.

— அப்பாடா, 'தி' வந்துடுச்சு! மன்னிச்சுக்கோங்க, இது ஒண்ணு மட்டும் தப்பிச்சு வெளிய வந்துடுச்சு.

— பரவால்ல, இது நல்லாத்தான் இருக்கு. இந்தப் பல் செட்டு விஷயம் பாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். உங்க மாமா போனதுக்கப்புறம் கட்டுனது. பாதி நாளு டப்பாவுலயேதான் கிடக்கும். ரொட்டியப் பால்ல ஊறப் போட்டு முழுங்கிட்டுப் படுத்துடுவேன். தனியா இருக்குறவ யார்கிட்ட பேசறதுக்கு, யாரைப் பாத்துச் சிரிக்கறதுக்குப் பல்லு மாட்டணும்?

— அத்தை...

— இந்த ஒரு மாசமாத்தான் காலையில எந்திரிச்சதும் மாட்டிக்கிறேன்.

— உங்களுக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்குறது எனக்குத் தெரியாம போச்சே. ஆனா நான் வந்த விஷயத்தை இனிமே சுத்தி வளைக்க மாட்டேன் அத்தை. 'பாக்கலாம்' வேணாம், 'இருக்கட்டும்' வேணாம். திட்டுறதுன்னா இங்கயே நல்லாத் திட்டிடுங்க. உங்க பொண்ணு என்கிட்ட திரும்பி வருவாளா, மாட்டாளா?

— அவ வந்த மறுநாளே பெட்டியத் தூக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்புனா மாப்ள. 'கொஞ்ச நாள் தனியா இருந்துக்கறேன்னு மாப்பிள்ளைதான் சொன்னாரு'ன்னு அவகிட்ட பொய்யச் சொல்லி நிறுத்தி வச்சது நான்தான்.