ஜன்னலில் வைத்த கண்

திருப்பதியிலிருந்து நகரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தங்கையிடம் உரக்கச் சொன்னாள்: "என் கண்ண ஜன்னல்ல வெச்சுப் பாருடி!"

பாதி பஸ் திரும்பியது. அவள் சொன்னது, ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைப் படம்பிடித்துக் கொடுத்த தாள்களை. போன வருஷத்தது ஒன்று, இன்றையது ஒன்று. தங்கை ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து வெயிலில் பார்த்தாள்.

"நாம நெய்யற சேலைல பூ வெலகிக்கீதான்னு பாப்போமே, அப்படிப் பாரு."

"துளிகூட வெலகலக்கா! கண்ணு பாப்பா ஓரமா நழுவிக்கினே இருந்துச்சே, நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. டாக்டரும் இப்ப ஆபரேஷன் வேணாம்னுட்டாரு."

"ஐயோ, உனக்குக் கண்ணு போயிடும்னு நாளைக்கு உன் தறிக்கு வேற ஆள வரச் சொல்லிட்டோமேக்கா!"

"வரட்டும். எனக்கு நூலு சுத்திக் குடுக்கட்டும்."