பழுது அட்டை தொங்காத ஆய்வகம்

அஞ்சா நெஞ்சத்து அம்மையே! அடுத்தவர் உழைப்பை அள்ளிக்கொள்ள மட்டும் அஞ்சிய பெருந்தகையே! கப்பலூர்ச் சாலைக் கல்லூரியின் கணிப்பொறித் துறையைக் கட்டிக் காத்து, இந்த 2008 மே மாதத்தில் விடைபெறும் பேராசிரியர் சூடாமணி அவர்களே, வணக்கம்! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது ஊரறிந்த சேதி. ஆகவே வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் 'அவர்' என்றே சொல்லிவிடுகிறோம், உட்கார்ந்து கேளுங்கள்.

வீடு கட்டுமுன் பிளான் போடுவதுபோல, மென்பொருள் கட்டுமுன் அதன் அமைப்பை வரைந்து பார்க்கும் பாடம் அவருடையது. அதற்கான விலையுயர்ந்த மென்பொருளை நிர்வாகம் ஒரே ஒரு கணிப்பொறிக்கு வாங்கி, பூட்டை உடைத்து, அத்தனை கணிப்பொறியிலும் ஏற்றி வைத்திருந்தது. கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வரும் நாளில் திருட்டுப் பிரதி உள்ளவற்றை அணைத்து, 'பழுது' என்று அட்டை தொங்கவிடுவது கல்லூரி மரபு! ஒரு வருடம் ஆய்வக உதவியாளர் சோணை, முதல்வர் விரட்டிய வேகத்தில், ஒன்றுவிடாமல் மாட்டிவிட்டார். வந்தவர்கள் 'ஆய்வகமே பழுது' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

"அம்புட்டுக்கும் மாட்டச் சொன்னீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று சோணை தலையைச் சொறிந்தார். எல்லோரும் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. திருட்டை மறைக்கப் பொய், பொய்யை மறைக்க இன்னொரு பொய். இதைப் பார்க்கும் பிள்ளைகள் எதைப் படிக்கும் என்று கொதித்தார்.

அடுத்த பருவமே திருட்டுப் பிரதிகளைத் துடைத்தெறிந்தார். எழுதியவர்களே நிரலைத் திறந்துவைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்ட திறமூல மென்பொருளை ஏற்றினார். தொலைவிலுள்ள கொட்டாம்பட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கும் குறுந்தட்டில் பதிந்து கொடுத்தனுப்பினார். முதல்வருக்குப் பொறுக்கவில்லை.

"இனாமாக் கெடைக்கிறதக் காட்டினா காலேஜுக்குக் கௌரவமா மேடம்? ஆய்வு அன்னிக்கு மட்டும் ஒரு மெஷின்ல பழையத ஓட விடுங்க, மிச்சத்துக்கு அட்டை மாட்டிருவோம். துறைத் தலைவர் பதவி இந்த வருசம் உங்களுக்குத்தான்" என்று பேரம் பேசினார்.

"பதவிய நீங்களே வச்சுக்கங்க சார். எம் பிள்ளைக முன்னாடி அட்டைய மாட்ட மாட்டேன்" என்றார் அம்மையார். அதுவோ அவர் எத்தனை காலம் காத்திருந்த பதவி!

ஆய்வு நாள். எல்லாத் திரைகளும் ஒளிர்ந்தன. குழுத் தலைவர் திவ்யா என்ற மாணவியின் பக்கத்தில் நின்ற நேரம் பார்த்து, படத்தைச் சேமிக்கையில் மென்பொருள் பாதியில் படுத்துவிட்டது! "இனாம்னா இப்பிடித்தான்" என்று முணுமுணுத்தார் முதல்வர். அம்மையார் குறுக்கிடாமல் திவ்யாவிடமே விட்டார். திவ்யா அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்தாகத் திறந்து, அறுந்து நின்ற கடைசி வரிகளை எழுதி மூடினாள். படம் திரும்பி வந்தது.

"இது எப்படிம்மா தெரியும்?" என்றார் குழுத் தலைவர்.

"உள்ள என்ன இருக்குன்னு மேடம் பிரிச்சுப் பாக்க விடுவாங்க சார். அதுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

ஆய்வில் கல்லூரி தேறியது. பதவி மட்டும் வேறொருவருக்குப் போனது. அநியாயம்! இன்றும் எங்களுக்கு மனம் ஆறவில்லை. அவரோ மறுநாள் வழக்கம்போல முதல் வகுப்புக்குப் போய்விட்டார்.

பெருந்தகையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம். வருகிற திங்கட்கிழமை மறுபடியும் ஆய்வு. 'சூடாமணி மேடம்தான் போறாங்களே' என்ற துணிச்சலில், இனாம் மென்பொருளை மறைக்க இன்று காலை பழைய அட்டைகளைத் தேடி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, தேட வேண்டாம்! அவை அம்மையாரின் பரிசுப் பைக்குள், பொன்னாடைக்கு அடியில் இருக்கின்றன. புதிதாக எழுதித் தந்தாலும், மாட்டுவதற்கு இத்துறையில் ஒரு கையும் கிடையாது.

அம்மையே! மூட்டுவலி உங்கள் வாசற்படி ஏறாதிருக்க! முன்கோபம் மட்டும் முன்போலவே இருக்க! மதுரை மண்ணில் மனம்போல நெடுங்காலம் வாழ்க! அந்த அட்டைகளை வீட்டில் என்ன செய்தாலும் சரி, இங்கே மட்டும் திருப்பிக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

உங்கள் வழியில் நிற்கும்
கணிப்பொறித் துறையினர்;
கூடவே, அட்டைகளைத் தம் கையாலேயே மூட்டை கட்டிக் கொடுத்த சோணை