தொரசாணி குடுத்த கை

அந்தப் பொட்டியக் கட்டலுக்கடியில தள்ளிப்போட்டு இப்பிடி அடுப்போரமா வந்து உக்காரு கண்ணு. ஈரச்சீலையோட நின்னா சளி புடிச்சுக்கும். மோகனூருன்னா சொன்ன? அட சாமி! எனக்குப் புதுச்சத்திரம். எம்பேரு செல்லியம்மா. நம்ம பேச்சுப் பேசி ரெண்டு வருசமாச்சு போ. தொரைமாரு கொழந்தைகளப் பாத்துக்க வந்த ஆயாமாரு தங்கற இந்த விடுதியில வங்காளத்துக்காரி இருக்கறா, பர்மாக்காரி இருக்கறா, நம்ம பேச்சுக்கு ஒருத்தியில்ல.

பயப்படாத. லண்டன்ல பொழைக்கறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ரோட்டத் தாண்டோணும்னா கொழந்த வண்டி தள்ளிக்கிட்டுப் போறவ பொறத்தாலயே போயிரு. அவளுக்குன்னா அத்தன காரும் நிக்கும். மொளகாய்க்கு, கப்பல் வேலைக்கு வந்த நம்ம நாட்டு ஆளுங்க கடை ஒண்ணு இருக்குது, நாங் கூட்டிட்டுப் போறேன். மேலுக்குத் தண்ணி வாக்கறது வாரத்துக்கொருக்கா. ஆமா, ஒரேயொருக்காத்தான். மொகத்தச் சுளிக்காத, பழகிரும். சோறு வேணும்னு மட்டும் கேட்டுப்போடாத. பால்ல கொழய வேகவெச்சு சக்கரையக் கொட்டிக் குடுப்பாங்க. மொத நாளு அதப் பாத்துட்டு நான் அழுதே போட்டேன்.

உன்ற தொரசாணி உன்னைய இங்க எறக்கி உட்டுட்டு எங்க போனா? அக்கா ஊட்டுக்கா? மூணு மாசங் கழிச்சு வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போறாளாமா. அவளுக்கு இன்னொரு ஆயா வேணுமான்னு கேட்டுப் பாரேன். கொழந்த ஒண்ணுதானா... ஒண்ணுக்கு எதுக்கு ரெண்டு ஆயான்னு கேப்பா. இருந்தாலுங் கேளு. கூலி வேண்டாம், கப்பல்ல எடங் குடுத்தாப் போதும்னு சொல்லு. சண்ட வருதுன்னு தோட்டத்துலயெல்லாம் பதுங்கறதுக்குக் குழி வெட்டறாங்க, பாத்தியா? சண்ட வந்துட்டாக் கப்பல நிறுத்திப்போடுவாங்களாம். எம்புள்ள பொன்னாத்தாள ஏழு வயசுல அண்ணன் ஊட்டுல உட்டுப்போட்டு வந்தேன். ஆறே மாசத்துல வந்தர்றேன்னு சொன்னேன். இப்ப ஒம்போது முடிஞ்சிருக்கும். என்ற மொகம் நெனப்பிருக்குமோ என்னமோ.

என்ற தொரசாணியா? ஏற்காட்டுல காப்பித்தோட்டத்துத் தொரை சம்சாரம். நல்லவதான், பொய் சொல்லக்கூடாது. ஒரு நாளும் வைய மாட்டா. சின்னக் கொழந்த எம்மேல படுத்தாத்தான் தூங்கும். இங்க வந்து இருவது நாளாயிருக்கும், ரயிலடிக்குக் கூட்டிட்டுப் போனா. அவிய அம்மா ஊட்டுக்குப் போறாங்களாம், அங்க கொழந்தைகளப் பாக்க ஆளிருக்குதாம். நீ அந்த விடுதியில போயி இரு, கப்பல் சீட்டு வாங்கி அனுப்பறேன்னு அரகொறத் தமிழ்ல சொன்னா. சீட்ட இப்பவே குடுத்துருங்கம்மான்னு கேக்கத் தொண்ட வரைக்கும் வந்துருச்சு. அப்பப் பாத்து அவ கையொறயக் கழட்டுனா. கழட்டிட்டு வெறுங்கையில எங்கையப் புடிச்சு ரெண்டு குலுக்குக் குலுக்குனா.

நீயே சொல்லு கண்ணு, நம்மூர்ல ஒருத்தரு பேசி முடிச்சுட்டு நம்ம கையில கைய வெச்சா அதென்ன? சத்தியந்தானே? மாடு புடிச்சாலுஞ் செரி, பொண்ணு குடுத்தாலுஞ் செரி, கையடிச்சுட்டா அப்பறம் மாறுவாங்களா? தொரசாணியே எனக்குக் கையில அடிச்சுக் குடுத்துட்டாளேன்னு மனசு குளுந்து போச்சு. அதுக்கு மேலயுஞ் சீட்டக் கேட்டா அவளை நம்பாத மாதிரி ஆயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன். சிரிச்ச மொகமாக் கும்புடு போட்டு ரயிலேத்தி உட்டேன்.

நாலஞ்சு மாசங் கழிச்சு ஒரு நாளு பாக்கறேன், விடுதிக்கு வந்த டாக்டரு கெளம்பறப்ப விடுதியப் பாத்துக்கற மேட்ரன் அம்மாவுக்கு அதே மாதிரி கை குடுத்துட்டுப் போறாரு. பாதிரி வந்தாரு, அவருங் குடுக்கறாரு. என்னன்னு வங்காளத்துக்காரியக் கேட்டேன். இங்க கெளம்பறப்ப எல்லாரும் எல்லார்த்துக்கும் குடுப்பாங்களாம். போயிட்டு வாரேன்னுகூட இல்லியாம் கண்ணு. போறேன்னுதானாம்.

அது கெடக்குது உடு. உன்ற கப்பல் சீட்டு யாருகிட்ட இருக்குது? ...தொரசாணிகிட்டயா?